பெரியப்பா கொண்டுவந்த மாதா

ஒஷாவாவிலிருந்து பெரியப்பா வருகிறார் என்றால் அஜின்கோர்ட்டில் நாங்கள் இருந்த பேஸ்மென்டுக்கு ஒரு பழைய சாமான் வருகிறது என்று அர்த்தம். வழியில் வீட்டுவாசலில் பழசு விற்கிற எந்தக் கராஜ் சேலிலும் நிற்காமல் வரமாட்டார். அந்தச் சனிக்கிழமை சட்டம் போட்ட பெரிய படமொன்றைச் சுமந்துகொண்டு இறங்கினார். படம் முழுக்க ஒரே கும்மிருட்டு. நடுவில், சிலுவையிலிருந்து இறக்கிய யேசுவை மடியில் வைத்தபடி மாதா. எங்கோ பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் யேசுவின் வெளிறிய கால்களில் விழுந்துகிடந்தது.

தந்துவிட்டுச் சும்மா இருந்தாரா? பிரசங்கம் தொடங்கிவிட்டது. லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படித்திருக்கிறார்.

"முந்நூறு வருஷத்துக்கு முந்தின படத்தின்ர பிரின்ட் இது. இந்த இருட்டு கீறினவன்ர சொந்தச் சரக்கில்லை. முதல்ல ஒரு இத்தாலியன்தான் துவங்கினவன். தெருவில திரியிற ஏழையளைக் கொண்டுவந்து இருத்தி, ஊத்தைக் காலோட சாமியாக் கீறினவன். பிறகு ஐரோப்பா முழுக்க அவனைப் பாத்துக் கீறத் துவங்கிட்டுது."

அப்பா வழமைபோலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெளிக்கிட்ட என் அண்ணன் வழியில் காணாமல் போய் அப்போது இரண்டு வருஷம். நாங்கள் சைவக்காரர்தான். ஆனாலும் அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதாவுக்கும் விளக்கு எரிந்தது. அண்ணனின் படத்துக்கு மட்டும் மாலை போட அவர் யாரையும் விடவில்லை. மாதா சொன்னால் அம்மா கேட்பார் என்று பெரியப்பா கணக்குப் போட்டிருக்கிறார்.

"கடவுளின்ர தாயே தாங்கினவ, பிள்ளை. நீரும் மனதைத் தேற்றிக்கொண்டு அவன்ர படத்துக்கு ஒரு மாலையைப் போடும். அந்தியேட்டிக் கிரியையையும் செய்து முடிப்பம்."

பெரியப்பாவுக்கு முன்னால் அம்மா அதுவரை குரலை உயர்த்தியதில்லை.

"கொண்டுபோங்கோ உந்தப் படத்தை! அவவின்ர மடியில பிள்ளை கிடக்குது, அத்தான். என்ர மடியில என்ன கிடக்குது?"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அந்த நேரம் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தது நான். என்ன கிடக்குது என்று கேட்கிறாரே! வெடுக்கென்று எழும்பிப்போய் அறைக்கதவை அடித்துச் சாத்தினேன். எட்டு வயது. பெரியப்பா படத்தோடு படியேறிப் போகிற சத்தம் கேட்டது. அம்மா என்னைத் தேடி வரவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொண்டேன்.