குளிர் வராத கூடத்துக் கணப்புக்காரர்

பக்கத்துக் கூடத்தில் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்து சட்டென்று நின்றது.

"இது யாரு?"

"பாடம் பண்ணின கரடி சார்." பதில் சொன்னது டிக்கெட் கொடுக்கும் பையன், கணப்புக்காரரின் மைத்துனன்.

"சம்பளம் உண்டா?"

"இல்லை சார்."

"அப்ப இருக்கட்டும்."

நடுக்கூடத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த கணப்புக்காரர் இதைக் கேட்டு எழுந்து நின்றார். வேண்டாத வேலைகளை ஒழிக்க மேலிடத்து அதிகாரி வந்திருக்கிறார். மகளுக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. 'அப்பாவுக்கு மியூசியத்தில் நிரந்தர வேலை' என்ற ஒன்றைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டியிருந்தார்கள்.

மியூசியத்தைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை, தன் ஊர்க் குளிருக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இந்தப் புழுக்கத்தில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பனி வழுக்கி விழச் சாய்ந்த கூரை. வெயிலை வா வா என்று அழைக்கும் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல்கள். நடுக்கூடத்தில் யானை படுத்துறங்கலாம் போல, குளிர்காயத் தீ மூட்டும் பளிங்குக் கணப்பு. வெப்பமானி சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அதில் தீ மூட்ட ஓர் ஆள். துரைமார் கப்பலேறினார்கள், அந்த வேலை ஏறவில்லை.

கணப்புக்காரர் தினமும் காலையில் கணப்பைத் துடைப்பார், விறகை அடுக்குவார், வெப்பமானியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். வீட்டில் மனைவி அவரை அடுப்பண்டை விடமாட்டாள். "உங்களுக்கு நெருப்பைப் பத்தி என்ன தெரியும்?"

அதிகாரி வந்து நின்றார். "கடைசியா எப்ப மூட்டினீங்க?"

"குளிர் வரட்டும்னு பார்த்துக்கிட்டிருக்கேன் சார்."

"எப்பலேர்ந்து?"

"என் கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து சார்."

"இப்ப மூட்டுங்க. ஒழுங்கா எரிஞ்சா வேலை இருக்கும்."

"அத்தான், அக்கா மானம் உங்க கையில!" என்றான் மைத்துனன்.

கணப்புக்காரர் ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். காலமெல்லாம் காய்ந்து கிடந்த விறகு குப்பென்று பற்றியது. அவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். அடுத்த நொடி எல்லோர் கண்ணிலும் கண்ணீர்! புகை மேலே போகாமல் கூடத்துக்குள் திரும்பி வந்தது.

மைத்துனன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தான். அதிகாரி டார்ச் அடித்து உள்ளே அண்ணாந்து பார்த்தார். கெட்டியான செங்கல் சுவர். 'இந்த ஊரில் எவன் தீ மூட்டப் போகிறான்' என்று அன்றைய கொத்தனார் வழியே விடாமல் கட்டியிருந்தார். கூரையில் புகைபோக்கி, கீழே கணப்பு. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி இரண்டுக்கும் பேச்சே கிடையாது.

கணப்புக்காரர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இதுக்கா இத்தனை காலம் காத்துக் கிடந்தேன்! எம் பொண்ணு கல்யாணம் போச்சே!"

முகத்துக் கரியைத் துடைத்தபடி அதிகாரி குனிந்தார். "அழாதீங்க. இதை யாராவது மூட்டியிருந்தா கட்டடமே போயிருக்கும். மூட்டாம பார்த்துக்கிட்டது யாரு?"

"நான்தான் சார்."

"அதையே செய்யுங்க. தீ மூட்டாம இருக்க ஓர் ஆள் கண்டிப்பா வேணும். வேலை நிரந்தரம்."

கணப்புக்காரர் விம்மிக்கொண்டே கும்பிட்டார்.

"ஆனா இன்னிக்கு மூட்டினீங்களே, அதுக்கு மெமோ வரும்."

அதிகாரி இருமிக்கொண்டே வாசலைத் தாண்டினார். மைத்துனன் பெரிய கதவைச் சாத்தினான்.