பொட்டு வெச்ச பன்னிரண்டு பாட்டில்

தொண்ணூறுகள்ல நான் கடல் உயிரியல் படிச்சேன். மலையடிவாரத்துல இருக்கிற எங்க ஊரு அடி அண்ணாமலையில கடல் எங்க இருக்குன்னு கேக்காதீங்க, ஊரே கேட்டு முடிச்சிடுச்சு. கடலோர ஊரு ஒண்ணுல ஹாஸ்டல்ல தங்கி, படகுல போயி, கடலோட அடிமண்ணை அள்ளிச் சலிச்சு, அதுல இருக்கிற முதுகெலும்பில்லாத ஜீவனுங்களை எண்ணணும். அஞ்சு மீட்டர் ஆழத்துல யாரு குடியிருக்கா, பத்துல யாரு, முப்பதுல யாரு, அதான் என் ஆய்வு.

ஆயுத பூஜை லீவுக்கு, சலிச்சதை மருந்துத் தண்ணியில போட்டு வெச்ச பன்னிரண்டு பாட்டிலை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன், உக்காந்து எண்ணலாம்னு. மேல பிளாஸ்திரி ஒட்டி, இங்க் பேனாவால ஆழத்தை எழுதியிருந்தேன். பென்சில்ல ஒரு சீட்டு எழுதி உள்ளயும் போடணும்னு எங்க புரொபசரம்மா தலபாடா அடிச்சிக்கிட்டாங்க. நான் சோம்பேறி.

பூஜை அன்னிக்குக் கடைக்குப் போயி பொரி வாங்கிட்டு வரேன், அம்மா மண்வெட்டி, அரிவாள், தையல் மிஷினோட என் பாட்டிலுங்களையும் ஈரத்துணியால அழுத்தித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, சின்னது முன்னால பெருசு பின்னாலன்னு அடுக்கியிருக்காங்க. பிளாஸ்திரியில வெறும் நீலக் கறை.

"உன் ஆயுதம் இதானம்மா"ன்னாங்க.

எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. உள்ள சீட்டு போட்டிருந்தாலாவது தப்பிச்சிருக்கும், என் படிப்பே போச்சுன்னு கத்தினேன். ஆழம் தெரியாத பாட்டில் எதுக்கும் ஆவாது. மழைக்காலம் வேற, படகு போவாது. அம்மா பொரியில வெல்லத்தைக் கலந்துக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் ஒரு குறுக்குப் புத்தி வந்துச்சு. ஒல்லிக் கை நட்சத்திர மீன் ஆழத்துலதான இருக்கும், அது ஜாஸ்தியா இருக்கிற பாட்டில்ல முப்பதுன்னு நானே எழுதிட்டா யாருக்குத் தெரியும்? பேனாவைக் கூட எடுத்துட்டேன். எது எங்க இருக்குன்னு தேடப் போனவ, நானே இடம் ஒதுக்கிக் குடுத்துட்டு நானே கண்டுபிடிச்சேன்னு சொல்றதா? வெக்கமா இருந்துச்சு. பேனாவை மூடிட்டேன்.

ஹாஸ்டலுக்குக் கிளம்புறப்ப அம்மா ஒரு பொட்டலம் குடுத்தாங்க. பழைய கல்யாணப் பத்திரிகையைச் சின்னச் சின்ன சீட்டா நறுக்கி, கூடவே ஒரு பென்சில். "உள்ள போடு. நான் துடைச்சாலும் போவாது." எனக்கு அழுகையே வந்துடுச்சு.

புரொபசரம்மாகிட்ட நடந்ததை நடந்தபடி சொன்னேன். "மழை நின்னதும் கடைசியா ஒரு தடவை படகு போவும். அதோட சரி"ன்னாங்க.

தை மாசம் படகுல போயி மறுபடி மண்ணை அள்ளினேன். ஒவ்வொரு பாட்டில்லயும் அம்மாவோட சீட்டைப் போட்டேன். எண்ணிப் பாத்தா, நான் முப்பதுன்னு எழுத இருந்த அந்த நட்சத்திர மீன் முப்பதுல ரொம்பக் கம்மி. அது மொய்ச்சுக் கிடந்த பாட்டிலுக்குள்ள இருந்த சீட்டைத் திருப்பினேன். பத்து.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தப் பாட்டிலுங்களை நானே சுமந்துட்டு வந்து அம்மா முன்னால வெச்சேன். அம்மா தொடவே இல்ல, கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க. ஈரத்துணியை எடுத்து அவங்க கையில குடுத்தேன்.

"நல்லா அழுத்தித் துடைம்மா"ன்னேன்.