கம்ப்யூட்டருக்குத் தெரியாத டிஸ்க்

1. டிஸ்க்கைச் செருகினேன். விளக்கு எரியவில்லை.
2. கேபிளை மாற்றினேன். கம்ப்யூட்டரின் மற்ற துளைகளிலும் செருகிப் பார்த்தேன். அதேதான்.
3. செருகியவற்றைப் பட்டியலிடும் lsusb கட்டளையைத் தட்டினேன். கீபோர்டு வந்தது, மவுஸ் வந்தது. டிஸ்க் வரவில்லை.
4. கம்ப்யூட்டர் தன் நடப்புகளை எழுதிவைக்கும் dmesg பதிவைப் பார்த்தேன். ஒரு வரிகூடப் புதிதாக இல்லை. எதையோ செருகியதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.
5. அண்ணி எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கருப்பு டிஸ்க் அண்ணியின் கணவர், சர்வேயர் அண்ணனுடையது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை அளந்து கொடுக்கும் சின்ன ஆபீஸில் அவரிடம் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அளந்த இடங்களின் படங்களையெல்லாம் அதில்தான் போட்டுவைப்பார். எடுப்பவர் அவரே என்பதால் எதிலும் அவர் இருக்கமாட்டார், ஒன்றைத் தவிர. ஒரு மதியம் சுரங்கத்தின் விளிம்பில் அளவுகோலைப் பிடித்தபடி நின்று, “ஏம்மா, என்னையும் ஒண்ணு எடு. வேலதான் பாக்கறேன்னு வூட்டுல நம்பணும்ல” என்றார். எடுத்துக் கொடுத்தேன். நான் எடுத்ததாக வீட்டில் சொன்னாராம், படத்தைக் காட்டவேயில்லை. போன வருடம் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

அடுத்த வாரம் முதல் திதி. மாலை போட ஒரு படம் வேண்டும் என்று ஜெயங்கொண்டத்திலிருந்து பெரம்பலூருக்கு, என் வீட்டுக்கு, பஸ் ஏறி வந்திருந்தார் அண்ணி. “கல்யாண போட்டோல மீசையே சரியா இல்ல. ஆதார்ல இருக்கறத பெருசு பண்ணா திருடன் மாதிரி இருக்காரு. நீ எடுத்ததுதாம்மா வேணும்” என்றார். பிறகு, “டவுன்ல கடையில காட்டுனேன். டிஸ்க் செத்துப்போச்சு, தூக்கிப் போடுங்கன்னாங்க. செத்துப்போச்சுன்னு எனக்கு எத்தன தடவதான் சொல்லுவாங்க?”

செல்போன் வெளிச்சத்தை டிஸ்க்கின் கேபிள் துளைக்குள் அடித்தேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. சந்தனம்.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜைக்கு அளவுக் கருவியிலிருந்து ஸ்டேப்ளர்வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கவேண்டும். “ஆபீஸ்ல ஒரே பொண்ணு, நீ வச்சாத்தான் லட்சணம்” என்று அண்ணன் கிண்ணத்தை என்னிடம் நீட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தப் படம் எடுத்த வருடம் பெரம்பலூர் பஸ்ஸுக்கு வேறு நேரமாகியிருந்தது. கட்டைவிரலால் வரிசையாக அழுத்திக்கொண்டே போனேன். அலமாரியில் புத்தகம்போல நிறுத்தியிருந்த டிஸ்க்கின் முதுகிலும் ஒன்று. கேபிள் துளை அந்த முதுகில்தான் இருந்தது. விடுமுறை முடிந்து வந்தபோது, “டிஸ்க் தெரியலம்மா, பழசாயிடுச்சு போல” என்றார் அண்ணன். புதிது வாங்கச் சொன்னேன். எல்லாவற்றையும் பட்டியல் போட்டுப் பார்க்கும் நான் அன்று துளைக்குள் பார்க்கவில்லை.

பல்குச்சியாலும் ஸ்பிரிட்டாலும் துடைக்க அரை மணி நேரம் ஆனது. காயவிட்டுச் செருகினேன். விளக்கு எரிந்தது. படமும் இருந்தது. திரையைப் பார்த்து, “வெயில்ல தொப்பி போடுங்கன்னா கேட்டாரா பாரு” என்று திட்டத் தொடங்கிய அண்ணி, பாதியில் நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

படம் இப்போது ஜெயங்கொண்டத்தில் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கப்பட்டிருக்கிறது. டிஸ்க் என் மேசையில் இருக்கிறது, செருகினால் தெரிகிறது. இத்தனை நாள் என்னதான் கோளாறு என்று அண்ணி கேட்டதற்கு, அரியலூர்த் தூசி என்று சொல்லியிருக்கிறேன்.