வலது பக்கம் இறங்கிய கார்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. பியூப்ளோ என்ற ஊரின் இரும்பாலையில் வேலை பார்க்கும் கில்பர்ட் மாயெஸுக்கு நடந்தது. பேய் என்றால் இருட்டு வேண்டும், மழை வேண்டும், எங்கேயோ ஒரு நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். அன்றைக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. நல்ல வெயில். அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. மூலைக் கடையில் பச்சை மிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தக் காரத்தில் தெருவே தும்மிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், சொந்த வீட்டு ஷெட்டில், கையில் ஸ்பானரோடு இருந்த மனிதருக்கு நடந்தது. அவருடைய விலா எலும்பில் விழுந்த விரிசல் எக்ஸ்ரே படத்தில் இன்றைக்கும் தெரிகிறது.

கார் ஒரு பழைய நோவா. 1970 மாடல். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். கிளப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து ஊரான ராக்கி ஃபோர்டில் விட்செட் என்ற பெரியவர் இறந்துபோன பிறகு அவருடைய மகள் லோர்னா அதை விற்றாள், கில்பர்ட் வாங்கினார். பாடியில் துரு கிடையாது. இன்ஜினில் நோய் கிடையாது. ஒரே குறை, காரின் பின்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு காலத்தில் அதுதான் ஸ்டைல். இப்போது பியூப்ளோவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்வலம் போகிற கார்கள் எல்லாம் வயிறு தரையில் தேய்கிற மாதிரி தாழ்ந்துதான் போகும்.

கில்பர்ட்டின் மனைவி கொரீனாவுக்கு லீராய் என்று ஒரு தம்பி. ஊரில் ஒருவரையும் விட்டுவைக்காத வாய். அவன் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"தேள் கொடுக்கைத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு மச்சான். இதைப் பாத்தா உங்க பொண்ணு கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை கோயில் வாசல்லயே ஓடிருவான்."

"ஓடுனா உன்னை நிறுத்தி வச்சு மோதிரம் மாத்திருவேன். வாயை மூடிட்டு ஜாக்கியை எடுடா."

கில்பர்ட்டின் ஒரே மகள் நடீனுக்கு அந்த மாதக் கடைசியில் கல்யாணம். மாதா கோயிலில் இருந்து வெளியே வந்ததும் அப்பாவின் நோவாவில், பின் சீட்டில், மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ஊரைச் சுற்ற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காகத்தான் காரின் பின்பக்கத்தை இறக்க முடிவு செய்தார்கள்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லாரிக்கு அடியில் பார்த்திருப்பீர்கள், வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இந்தக் காரிலும் பின் எடையைத் தாங்குவது அவைதான். அதிகப்படியாகச் செருகியிருக்கிற பட்டைகளை உருவ வேண்டும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஓர் இரும்புக் கட்டையை வைத்து, நீளமான யூ வடிவ போல்ட் போட்டு முறுக்க வேண்டும். கார் தானாகத் தாழ்ந்துவிடும். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிகிற வேலை.

முதலில் அடியில் போனது லீராய்தான். பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். பிறகு, எண்ணிப் பாருங்கள் என்று கூப்பிட்டான். இடது பக்கம் நான்கு பட்டை இருந்தது. வலது பக்கம் எட்டு. அதுவும் ஒரே நாளில் போட்டதில்லை. ஒன்று நன்றாகத் துருவேறியிருந்தது, அடுத்தது கொஞ்சம் குறைவாக, கடைசிப் பட்டையில் பெயிண்ட் கூடப் போகவில்லை. பெரியவர் ரொம்ப குண்டாக இருந்திருப்பார் என்று லீராய் சிரித்தான். கில்பர்ட்டுக்கு அது சரியாகப் படவில்லை. அந்த ஊர்க் கார்களில் ஓட்டுகிறவர் உட்காருவது இடது பக்கம். பட்டை கூடியிருப்பது வலது பக்கம்.

அதிகப் பட்டைகளை உருவினார்கள். இரண்டு பக்கமும் நான்கு நான்காகச் சமம் செய்தார்கள். கட்டையை வைத்து, முறுக்கி, காரைத் தரையில் இறக்கினார்கள்.

இடது பக்கம் அழகாக உட்கார்ந்தது.

வலது பக்கம் இறங்கியது... இன்னும் இறங்கியது... டயரில் மட்கார்டுத் தகடு தொடுகிற வரைக்கும் இறங்கிய பிறகுதான் நின்றது.

பட்டை தளர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தார்கள். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? திரும்பவும் தூக்கி, இடது பட்டையை வலதுக்கும் வலது பட்டையை இடதுக்கும் மாற்றினார்கள். இப்போது இடது பக்கம் தாழ வேண்டும், அதுதான் நியாயம். தாழவில்லை. மறுபடியும் வலது பக்கம்தான் தரையைப் பார்த்துப் போனது. லீராய் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

பின்னால் ஏதாவது கனமான சாமான் கிடக்கிறதா என்று பார்த்தார்கள். டிக்கி காலி. லீராய் வலது கதவைத் திறந்தான். இரண்டு கதவு காரில் பின்னால் ஏற வேண்டுமென்றாலும் இறங்க வேண்டுமென்றாலும் முன் சீட்டை மடக்கியாக வேண்டும். வேறு வழி இல்லை. அவன் முன் சீட்டை மடக்கி, தலையை நுழைத்து, பின் சீட்டைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கறுப்பு ரெக்சின் சீட், அவ்வளவுதான். தலையை வெளியே எடுத்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

க்ர்ர்ர்...

கார் எழுந்தது. யாரோ இறங்கினால் எழுமே, அப்படி. முதலில் கொஞ்சம், பிறகு மீதி. இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

எங்கேயோ சிக்கியிருந்த பட்டை விடுபட்டுவிட்டது என்று லீராய் சொன்னான். ஆமாம் என்றார் கில்பர்ட். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. ஆனால் கில்பர்ட் பின் சீட்டை எட்டிப் பார்த்தபோது, வலது ஓரத்தில் ரெக்சினில் ஒரு பள்ளம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக உப்பி மேலே வந்தது. அதை அவர் லீராயிடம் சொல்லவில்லை.

கொரீனா சாப்பிடக் கூப்பிட்டாள். பசி தாங்காத லீராய் முதலில் போனான். கடைசி முறுக்கு மட்டும் பாக்கி. காரின் எடை பட்டைமேல் இருக்கும்போதுதான் அதை முறுக்க வேண்டும் என்பதால், கில்பர்ட் பின் சக்கரங்களைக் கழற்றி, அச்சுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு வைத்தார். சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தார். இப்போது கார் தாழ்ந்துவிட்டதல்லவா? மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. வலது கதவை லீராய் திறந்தபடியே விட்டிருந்தான். முன் சீட்டும் மடங்கியபடியே இருந்தது.

முதல் நட்டை முறுக்கினார்.

டக்.

மேலே முன் சீட் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் சத்தம்.

பிறகு கதவு. ஓங்கி அறையவில்லை. பதவிசாகச் சாத்திக்கொண்டது.

"டேய்... லீராய்?"

கில்பர்ட் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஷெட்டின் சிமெண்ட் தரை வாசல்வரை தெரிந்தது. வெயில் தெரிந்தது. கால் எதுவும் தெரியவில்லை.

மேலே ரெக்சின் முனகியது. யாரோ சாய்ந்து உட்கார்கிற முனகல்.

வலது பக்கம் இறங்க ஆரம்பித்தது.

அவர் பலகையைத் தள்ளப் பார்த்தார். சட்டை எதிலோ மாட்டியிருந்தது. காரின் அடிச்சட்டத்து இரும்பு மார்பில் வந்து தொட்டது. முதலில் குளிர்ச்சியாக. அப்புறம் கனமாக.

அவர் கத்தினார். கத்தியதாக நினைத்தார். காற்று வெளியே போனது, திரும்பி உள்ளே வர இடமில்லை.

டொக்...

முகத்துக்கு நேர் மேலே. தகட்டில்.

டொக்... டொக்...

குதிகால். பின் சீட்டில் உட்கார்ந்து சலித்துப்போன குழந்தைகள் காலை ஆட்டிக்கொண்டே உதைப்பார்களே... அந்தத் தாளம்.

ஆனால் அந்தக் கனம் குழந்தையின் கனமில்லை.

விலாவுக்குள் ஏதோ முறிந்தது.

வெயிலில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றது. லீராய். காரின் கோணலையும், அடியில் துடிக்கிற மச்சானின் கால்களையும் அவன் ஒரே நேரத்தில் பார்த்தான். ஜாக்கியைத் தேடி ஓடினான். கில்பர்ட்டிடம் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் மூச்சு இருந்தது.

"சீட்டு..."

லீராய் நின்றான். திரும்பினான். கதவு திறந்தது.

க்ர்ர்ர்...

கனம் போனது. லீராய் காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்தான். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் வாசல் மண்ணில் விழுந்தார்கள். கார் சமமாக, பரம சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிக்கிறவரை லீராய் வாயைத் திறக்கவில்லை. அந்த வாய் மூடியிருப்பதைக் கொரீனா அன்றைக்குத்தான் பார்த்தாளாம். அவள் காப்பி வாங்கப் போன நேரத்தில் அவன் மெல்லச் சொன்னான்.

"நான் கதவைத்தான் திறந்தேன் மச்சான். சீட்டை நான் தொடல. அது உள்ளேருந்து தானா மடங்குச்சு."

அதற்குப் பிறகு மகளை அந்தக் காரில் ஏற்ற மாட்டேன் என்று கில்பர்ட் பிடிவாதமாக நின்றார். காரணம் கேட்ட நடீனிடம் பிரேக் சரியில்லை என்றார். ஸ்டாண்டு நழுவியதற்குக் காரின் மேல் ஏன் கோபம் என்று கொரீனா சண்டை போட்டாள். ஸ்டாண்டு நழுவவே இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? கடைசியில் மணப்பெண் லீராயின் பழைய பிக்கப் வண்டியில் போனாள், பின்னால் காகிதப் பூக்களைக் கட்டிக்கொண்டு. ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் அப்பாவைப் பார்க்கும்போது மட்டும் சிரிக்கவில்லை.

கல்யாணம் முடிந்து விருந்தாளிகள் போனார்கள். கொரீனா வேலைக்குப் போன ஒரு காலையில் கில்பர்ட் லோர்னாவுக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்காமல், அந்தக் காரில் யாராவது இறந்தார்களா என்று கேட்டார்.

இல்லை என்றாள் லோர்னா. காரில் யாரும் இறக்கவில்லை. அவளுக்கு ஒரு தம்பி, பெயர் கர்ட்டிஸ். ஆறு வயதில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்தான். காரில் அவனுடைய இடம் பின் சீட்டின் வலது ஓரம். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே, வலது பக்கம் லேசாகத் தாழ்ந்திருப்பதை அவளுடைய அப்பா பார்த்தார். அழவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பட்டையைச் செருகினார், கார் நிமிர்ந்தது.

"அதோட முடியல. சில வருஷம் கழிச்சு மறுபடி தாழ்ந்துச்சு. இன்னொண்ணு போட்டார். அப்புறம் இன்னொண்ணு." லோர்னாவின் குரல் தணிந்தது. "எல்லாப் பிள்ளைங்களும் வளருதுல்ல... அவனும் வளர்ந்தான்."

கில்பர்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படியோ ஷெட்டில் நடந்ததைச் சொல்லி முடித்தார். முன் சீட் மடங்கியதும் கார் எழுந்ததையும், அதற்குப் பிறகு இன்றுவரை அது தாழவே இல்லை என்பதையும் சொன்னார்.

லோர்னா கேட்டது ஒன்றுதான்.

"இறங்கிட்டானா?"

"ஆமா."

"அப்பா தினமும் சாயங்காலம் அந்த சீட்டை மடக்கி வச்சுட்டுக் கூப்பிடுவார். சாகுறவரைக்கும் கூப்பிட்டார். ஒரு நாள்கூட அவன் இறங்கல."

கில்பர்ட் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார்.

"உங்க வீடு..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்தினாள். பிறகு கேட்டாள். "மரத்தரையா? கனம் ஏறினா தாழுமா?"

ஆமாம் என்றார் கில்பர்ட்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே கில்பர்ட் வீட்டைக் காலி செய்தார். இப்போது கொரீனாவும் அவரும் ஊரின் மறுகோடியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இருட்டான, சின்ன வீடு. எதைப் பார்த்து இதைப் பிடித்தீர்கள் என்று கொரீனா இன்றைக்கும் கேட்கிறாள். தரை சிமெண்ட் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.