நிற்கிற காருக்கு இரண்டு கேமரா

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வாக்கிங் முடித்துவிட்டு வந்து பார்த்தால், வாசலில் நின்ற காரின் பின்பக்க இடது விளக்கு உடைந்திருந்தது. பம்பருக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிசல்.

கார் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது. சும்மா நின்ற இடத்தில் அடி வாங்கியிருக்கிறது!

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய பழைய தெருக்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இங்கே வீடு கட்டிய யாரும் காரை நினைத்துக் கட்டவில்லை. மதில் ஓரமாகத் தெருவில்தான் நிறுத்தியாக வேண்டும்.

என் எதிர்வீட்டுக்காரர் மிக்கேல். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கொண்டுபோகும் மினி லாரியின் டிரைவர். லாரி அவருடையது அல்ல, ஐஸ் பிளான்ட் முதலாளியுடையது. வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, விடியுமுன்பே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ரிவர்ஸ் எடுத்தால்தான் எங்கள் தெருவை விட்டு வெளியே போக முடியும். ரிவர்ஸ் வருகிற வழியில் நிற்பது என் கார். காலையில் வாக்கிங் கிளம்பும்போது நான் காரைக் கவனிக்கவில்லை. அப்படியென்றால் வேறு யார் இடித்திருக்க முடியும்?

மத்தியானம் அவர் வந்ததும் கேட்டேன். மிக்கேல் குனிந்து, நெளிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் இடிக்கல அண்ணாச்சி. இடிச்சிருந்தா அப்பவே கதவத் தட்டிச் சொல்லியிருப்பேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஐஸ் பிளான்ட் முதலாளியும் என்னோடு வாக்கிங் வருபவர்தான். திங்கட்கிழமை நடந்துகொண்டே அவரிடம் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். உங்கள் டிரைவரைக் கொஞ்சம் பார்த்து ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்கள் — அவ்வளவுதான். இது புகார் இல்லை, வெறும் தகவல்... என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து தெருவில் லாரியைக் காணோம். வேலை முடிந்ததும் பிளான்ட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டாராம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தப்பு செய்யாத மனிதர் என்றால் முதலாளியிடம் வாதாடியிருக்க மாட்டாரா என்று நினைத்தேன். நமக்கு ஒருவர்மேல் சந்தேகம் வந்துவிட்டால், அவர் பேசினாலும் சாட்சி, பேசாமல் இருந்தாலும் சாட்சி.

இருந்தாலும் இனி ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று முடிவு செய்து, எட்டயபுரம் ரோட்டில் கார் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் சுடலை. முன்கண்ணாடியில் மாட்டுகிற கேமரா ஒன்று வேண்டும் என்றேன். அவர் கேமராவை எடுக்கவே இல்லை. வண்டி எங்கே நிற்கும், வெயிலிலா நிழலிலா, எத்தனை மணி நேரம் — டாக்டர் மாதிரி விசாரித்தார்.

"ஓடுற வண்டிக்கு முன்னாடி ஒண்ணு இருந்தாலே போதும் அண்ணாச்சி. நிக்கிற வண்டின்னா பின்னாடியும் வேணும்" என்றார். நெட்டில் மூன்று நாள் படித்தும் எனக்குத் தோன்றாத விஷயம்.

பிறகு பாடம் நடந்தது. உங்களில் யாராவது வாங்குவதாக இருந்தால் பயன்படும் என்பதால் சொல்கிறேன். உள்ளே பேட்டரி வைத்த கேமரா நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் உப்பிவிடும். அதனால் கெப்பாசிட்டர் வைத்தது வாங்க வேண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் பல கார்களில் சாவியை எடுத்ததும் கேமராவும் தூங்கிவிடும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி வயர் இழுத்து, கார் பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக அணைந்துபோகும் கிட் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வீடியோ இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது! மெமரி கார்டும் சாதாரணமானது உதவாது. ஓயாமல் எழுதி அழிப்பதைத் தாங்குகிற ரகம் வேண்டும்.

ஆள் அசைந்தால் பதிவாவது ஒரு வகை, அதிர்ச்சி பட்டால் பதிவாவது இன்னொரு வகை. இரண்டையும் போட்டுக் கொடுத்தார். அதிர்ச்சி சென்சாரை மட்டும் குறைத்து வைத்தார். கூட்டி வைத்தால் மெயின் ரோட்டில் கன்டெய்னர் போவதைக்கூட விபத்தாக எழுதிவைக்குமாம். பின்கண்ணாடியில் படியும் உப்புத்தூசியை இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைக்கச் சொன்னார். பக்கவாட்டில் நடப்பது எதிலும் சரியாகத் தெரியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

விளக்கை மாற்றி, நெளிசலை எடுத்து, கேமராக்களையும் மாட்டியாயிற்று. முதல் வாரம் பதிவானதெல்லாம் ஆடு, பூனை, பலூன்காரர். கூடவே, நான் எதிர்பார்க்காத ஒன்றும் முன்பக்க கேமராவில் இருந்தது. தினமும் விடியுமுன்பு மிக்கேலின் மனைவி ஸ்டெல்லா ஸ்கூட்டரை எடுக்கிறார், மிக்கேல் பின்னால் உட்கார்ந்து போகிறார். லாரி வீட்டில் நிற்காததால் பிளான்ட் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். அதற்கப்புறம் வந்து சமைத்துவிட்டு, பள்ளிக்கூட சத்துணவுக்கூட வேலைக்கும் போக வேண்டும். என் மனைவியிடம் ஸ்டெல்லா இதைச் சொல்லியிருந்தாராம். குறையாகக்கூட இல்லை, சாதாரணமாக.

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கொஞ்சம்தான்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, வாக்கிங்கிலிருந்து வந்து காரில் ஏறினேன். நிறுத்தி வைத்திருந்தபோது அதிர்ச்சி பதிவாகியிருக்கிறது என்று கேமரா அறிவித்தது. இறங்கி ஓடினேன். அதே இடத்தில் புது நெளிசல். போனில் வீடியோவைத் திறந்தேன். லாரிதான் தெருவிலேயே இல்லையே, பிறகு யார்?

பின்பக்க கேமராவில் இரண்டு பதிவுகள் இருந்தன. முதலாவதில் தொப்பி போட்ட ஒருவர் எங்கள் வீட்டிலிருந்து வெளியே வருகிறார். இரும்பு கேட்டைச் சும்மா இழுத்துச் சாத்திவிட்டு, தாழ்ப்பாள் போடாமல், கையை வீசிக்கொண்டு நடந்து போகிறார்.

நான்தான் அது.

உள்ளே இடம் இல்லாததால் எங்கள் கேட் தெருப்பக்கம் திறக்கும். உப்புக்காற்றில் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிவிட்டதால், பல நாள் நான் அதைத் தொடுவதே இல்லை. இரண்டாவது பதிவில் காற்று. தெருப்புழுதி எழும்புகிறது, ஒரு பிளாஸ்டிக் கவர் பறக்கிறது. கேட்டின் ஒரு கதவு மெல்ல விலகி, பிறகு வேகம் பிடித்து, சுழன்று வந்து காரில் மோதுகிறது. தாழ்ப்பாளின் முனை படுகிற இடம் பம்பருக்கு மேலே, விளக்கு ஓரம். மோதியதும் பின்வாங்கி, ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுகொள்கிறது.

என் மனைவி ஒருமுறை பார்த்தாள். "மிக்கேலண்ணன்ட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்றாள்.

தெருவைக் கடக்கப் பத்து அடி. அன்றைக்கு அது ரொம்ப தூரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து இருவரும் வீட்டில் இருந்தார்கள். போனை நீட்டினேன். மிக்கேல் இரண்டு தடவை பார்த்தார்.

"கச்சான் காத்துல்லா அண்ணாச்சி, போட்டையே பெரட்டிரும்" என்றார். மேற்கிலிருந்து வரும் காற்றை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், "அன்னைக்கு எங்கிட்ட கேட்டிய, நானும் சொன்னேன். பெறவு எதுக்கு ஓனர்ட்ட போனிய?" என்றார்.

அவரைவிட நான் பத்து வயது மூத்தவன். வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நியாயம் எழுதுகிறவன். தப்பு என்னுடையது, மன்னிச்சிருங்க என்று மட்டும் சொன்னேன்.

உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்தார். "எங்ககிட்ட காட்டி என்ன செய்ய? ஓனர்ட்ட காட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

சரியான பேச்சு. ஒருவரைப் பற்றித் தப்பாகச் சொன்னது ஓர் இடம், மன்னிப்புக் கேட்பது வேறோர் இடம் என்றால் கணக்கு நேராகுமா? அன்று சாயங்காலமே முதலாளி வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. லாரி பழையபடி மிக்கேல் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று கேட்டேன். என் முன்னாலேயே மிக்கேலுக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுநாள் லாரி தெருவுக்கு வந்துவிட்டது. நானும் துருப்பிடிக்காத தாழ்ப்பாள் ஒன்று வாங்கி மாட்டினேன்.

நாலு நாள் கழித்து, மிக்கேல் தெருவில் நிறுத்தி விசாரித்தார். அந்தக் கேமராவை எந்தக் கடையில் வாங்கினீர்கள், லாரிக்கு ஒன்று மாட்டலாம் என்று பார்க்கிறேன், முதலாளியும் சரி என்றுவிட்டார் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பழையபடி பேசுகிறாரே! கெப்பாசிட்டர், தனி வயர், மெமரி கார்டு என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். முன்னால் மட்டும் போதுமா, பின்னாலும் வேண்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டும் வேணும் அண்ணாச்சி. ஒங்க கார் எனக்குப் பின்னாடிதான நிக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மறுவாரமே மாட்டிவிட்டார்.