சீனி கூடியதால் நடந்தோம்

இரத்தப் பரிசோதனைத் துண்டை மருத்துவர் என்னிடம் தரவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவியிடம் கொடுத்தார். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கந்தோரில் கதிரையை விட்டு எழும்பாத எழுதுவினைஞன் நான். நாளுக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி.

"மருந்து தாறன். மருந்தை மட்டும் நம்பி இருக்காதீங்க. சோத்தைக் குறைச்சு, ஒவ்வொரு நாளும் நடக்கணும்" என்றார் மருத்துவர்.

"இவர் நடப்பார் டொக்டர். நானும் கூடப் போறன்" என்றாள் மனைவி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்ததும் அபாயாவுக்குக் கீழே மகனுடைய பழைய சப்பாத்தோடு வாசலில் நின்றாள். மகன் கட்டாருக்கு வேலைக்குப் போய் எட்டு மாதம். சப்பாத்து அவளுக்குப் பெரிது, முன்னால் பஞ்சு அடைத்திருந்தாள்.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஒருவன் நடந்து போனால் அவனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கடற்கரை வீதிக்கு இறங்கும் முன்னரே மூன்று பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுக்காரர்.

"என்ன, பைக் பழுதா? ஏறுங்க, விட்டுட்டு வாறன்."

"இல்ல, சும்மா நடக்கிறம்."

அவர் குரலைத் தாழ்த்தி, "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான். சீனி."

"எனக்கும் இரிக்கி. வீட்ட இன்னும் சொல்லல்ல" என்றுவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

வீட்டில் வெள்ளைச் சோறு பாதியானது. மற்றப் பாதிக்கு முருங்கை இலைச் சுண்டல், பயற்றங்காய், இரவில் குரக்கன் பிட்டு. முதல் வாரம் கோபத்தோடுதான் சாப்பிட்டேன். பிறகு ஒருநாள் என்னை அறியாமலே, "இன்னும் கொஞ்சம் பிட்டு இரிக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நடக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குள் கதை வந்தது. வீட்டில் ஆளுக்கொரு போனுடன் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். நடக்கும்போது போனைக் கொண்டுவர அவள் விடவில்லை. ஒரு காலை, கடலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"மகன் போனதில இருந்து பின்னேரம் அஞ்சு மணியானா எனக்கு நெஞ்சு அடைச்ச மாதிரி இரிக்கும். அவன் இங்க இரிந்தப்ப வேலை விட்டு வாற நேரமல்லா அது. குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு அழுவன்."

எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கு இது தெரியாது. "ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றேன்.

"நீங்க கேக்கல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து கந்தோர் விட்டால் சந்தியில் நின்று ஊர்க்கதை அளக்காமல் நேரே வீட்டுக்கு வந்தேன். கிணற்றடியில் இருவரும் சேர்ந்து பொன்னாங்காணிப் பாத்தி போட்டோம். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் அஞ்சு மணி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஒருநாள் கடற்கரையால் நடந்து நடந்து காரைதீவுப் பக்கம் வந்துவிட்டோம். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவு. கயிற்றின் முன்னால் நின்ற மீனவர் என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"நானா, சும்மா கைய வீசி நடக்கிற நேரம் இந்தக் கயித்தப் புடிச்சு இழுங்களன். உடம்புக்கு அதவிட இது நல்லம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். "போங்க" என்றாள்.

காற்சட்டையைச் சுருட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய்ப் பிடித்தேன். கயிறு உள்ளங்கையைத் தேய்த்தது. குதிக்கால் மணலில் புதைந்தது. பத்து நிமிடத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் முன்னால் இழுத்தவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கும் விட வெட்கம். வலையின் மடி கரைக்கு வந்து சூடை மீன் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியபோது நான் போட்ட சத்தத்தில் மீனவர்களே திடுக்கிட்டார்கள்.

அந்த மீனவர் ஒரு பை நிறைய மீனை அள்ளி என் மனைவியிடம் நீட்டினார். "தங்கச்சி, இது நானாட பங்கு."

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து இண்டைக்குத்தான் இவர் வேர்த்து உழைச்சிரிக்கார்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அங்கே யாராலும் வலையை மடிக்க முடியவில்லை, அப்படிச் சிரித்தார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு அந்த மீனில் தேங்காய்ப்பால் விடாமல் புளியாணம் வைத்தாள். மூன்று நாள் என்னால் கையைத் தூக்க முடியவில்லை. சட்டையை அவள்தான் போட்டுவிட்டாள்.

அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. முற்றாக அல்ல, ஆனாலும் மருத்துவர் ஒரு மருந்துக் குளிசையைக் குறைத்தார். இப்போது படுத்தால் நித்திரை வருகிறது. கந்தோரில் ஆட்கள் மேல் எரிந்து விழுவதும் குறைந்துவிட்டதாம், கூட வேலை செய்பவர்கள்தான் சொன்னார்கள்.

மாரி தொடங்கி, கடல் ஏறி, மணலில் நடக்க இடமில்லாமல் போனது. அவள் யன்னலடியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயல் வீதியால போவமா?" என்று கேட்டேன்.

"இந்தத் தூறலுக்குள்ளயா?"

"ஓம்."

ஒரு குடையைத்தான் எடுத்தோம்.