மூன்று பூட்டுப் போட்ட கார் ஷெட்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு ஒரு பூட்டு. கார் ஷெட்டுக்கு மூன்று. மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து, கோபிசெட்டிபாளையத்தில் மாமா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு நான் கோயமுத்தூர் கணபதியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது இந்த ஏற்பாடு நடந்து முடிந்திருந்தது. நான் ஊருக்குப் போகும்போது ஷெட்டுக்கு வெறும் கொண்டிதான். அதையும் கோழி உள்ளே போய் முட்டை வைத்துவிடும் என்றுதான் மாட்டுவோம்.

அப்பாவிடம் கேட்டேன்.

"ஊரெல்லாம் திருட்டு நடமாட்டமா இருக்குது கண்ணு. பக்கத்து வீதில நிறுத்தி வெச்சிருந்த ஸ்கூட்டரே போயிருச்சாம். நாமதான் சாக்கிரதையா இருக்கோணும்" என்றார்.

மூன்று சாவிகளையும் ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தார். தகரக் கதவில் இருந்த ஓட்டைகளை எல்லாம் சிமெண்டுப் பையின் காகிதத்தை உருட்டி அடைத்திருந்தார். கதவுக்கு அடியில் இருந்த சந்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தார். படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

உள்ளே எங்கள் அம்பாசிடர் இருந்தது. பழைய வண்டிதான். ஆனால் அந்த வீதியில் கார் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அப்பா பம்புசெட்டுகளுக்கு வார்ப்பு ஊற்றும் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு நடந்தே போவார். காரை எடுப்பதே கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான். அதுவும் முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவரைப் போல ஓட்டுவார். லீவுக்கு அப்புறம் அந்தப் போக்குவரத்தும் நின்றுவிட்டது. என்ஜினில் வேலை இருக்கிறது, சாமான் வரவேண்டும் என்றார். அம்மாவிடம் கேட்டால் அந்த நிமிஷமே அடுப்பில் ஏதாவது தீய ஆரம்பித்துவிடும்.

நான் வெளியாட்கள் முன்னால் வாயைத் திறக்காத பையன். யாராவது பெயர் கேட்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவேன். பேசாத பிள்ளைகள் நிறையப் பார்ப்பார்கள். நான் ஷெட்டைக் காவல் காப்பது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

காவல் என்று வந்துவிட்டால் எல்லோர் மேலும் சந்தேகம் வந்துவிடுகிறது. குடை ரிப்பேர்க்காரர் எங்கள் வேம்பின் நிழலில்தான் உட்கார்ந்து பீடி குடிப்பார். வேறு நிழலே இல்லையா? எவர்சில்வர் பாத்திரம் விற்பவர் பழைய இரும்பு இருக்கிறதா என்று கேட்டார். எதற்காக இரும்பு? கரண்டு ரீடிங் எடுக்க வருபவர் மீட்டரைப் பார்த்துவிட்டு ஷெட்டுக் கதவையும் ஒருமுறை பார்த்தார். அவரை நான் தெருமுனை வரைக்கும் பின்தொடர்ந்து போய்விட்டு வந்தேன்.

எல்லோரையும்விட அதிகச் சந்தேகம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா மேல்தான். அந்த அம்மா ஜன்னலோரம் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். கால் மிஷினை மிதிக்கும், கண் எங்கள் ஷெட்டின் மேலேயே இருக்கும். ஒருநாள் அப்பா பட்டறைக்குக் கிளம்பும்போது ஜன்னலிலிருந்தே கூப்பிட்டார்.

"ஏனுங்க, காரு வெளிய வந்தே ரொம்ப நாளாச்சுங்களே? உள்ள குட்டி கிட்டிப் போட்டிருச்சுங்களா?"

"சாமான் வரோணுமுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வேகமாக நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. திருடர்களுக்குத் துப்புக் கொடுப்பது இந்த அம்மாதான் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது.

மூன்று பூட்டு போதாது என்று தோன்றியது. அப்பா பட்டறையில் கை துடைப்பதற்குத் திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டையாக வரும். அதிலிருந்து ஒரு வெள்ளை நூலை உருவினேன். ஷெட்டின் இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே, கீழே, ஆள் கண்ணுக்குப் படாத இடத்தில், இரண்டு ஆணிகளுக்கு நடுவே கட்டினேன். கதவைத் திறந்தால் அறுந்துவிடும். வேறு யாராவது திரும்பக் கட்டினால் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் முடிச்சு என்னுடைய முடிச்சு. தினமும் காலையில் பல் விளக்கும் முன்னால் போய்ப் பார்ப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்ப்பேன். ஆனி போய், ஆடி, ஆவணி எல்லாம் போய்விட்டன. நூல் அறுபடவே இல்லை. இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

லீவுக்கு முன்பே பேசத் தொடங்கியிருந்த அக்காவின் கல்யாணம் இதற்கு நடுவில் நிச்சயமாகியிருந்தது. பெருந்துறைப் பக்கம் மாப்பிள்ளை. தோட்டமும் தறியும் இருக்கிற குடும்பம். தரகர் எங்களைப் பற்றி அங்கே என்ன சொல்லியிருந்தார் என்பது தரகருக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். கார் வைத்திருக்கிற வீடு என்று சொல்லியிருந்தார் என்பது மட்டும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அப்போது ஆயுத பூஜை வந்தது.

கோயமுத்தூரில் ஆயுத பூஜைக்கு எதுவும் தப்பிக்க முடியாது. லேத்துக்குப் பொட்டு வைப்பார்கள், தராசுக்கு வைப்பார்கள், சைக்கிளுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். சக்கரம் உள்ள எதையும் கழுவி நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைக்காமல் விடமாட்டார்கள். அன்றைக்குக் காலை எங்கள் வீதியே ஈரமாக இருந்தது. தையல்காரம்மா கூட மிஷினை வாசலில் தூக்கி வைத்து மாலை போட்டிருந்தார்.

அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் பொரி, கடலை, பழம் எல்லாம் வைத்துக்கொண்டு ஷெட்டின் முன்னால் வந்து நின்றார். கதவைத் திறக்கவில்லை. மூன்று பூட்டுகளுக்கும் ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். பூட்டுக்குப் பூஜை போட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். உள்ளே ஒரே புழுதி, திறந்தால் அக்காவுக்குத் தும்மல் வரும் என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி அம்மாவிடம் சொன்னார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு மணியை ஆட்டினாள்.

சூடம் அணைவதற்குள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். பீளமேட்டில் தெரிந்தவர் மில்லில் பூஜைக்கு வந்தார்களாம், அப்படியே ஒரு எட்டு வந்தார்களாம். மாப்பிள்ளையின் அப்பா பெரிய உருவம், சத்தமான பேச்சு.

"நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கறமுங்க சம்பந்தி. தொறங்க, வண்டிக்கு எங்க கையாலயும் ஒரு பொட்டு வெச்சுப்போட்டுப் போறோம்."

அப்பா சிரித்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சாவி பட்டறைல மாட்டிக்கிச்சுங்க சம்பந்தி. மொதல்ல உள்ள வாங்க, காபி குடிக்கலாம்" என்றார்.

அப்பாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று எனக்குப் பாவமாக இருந்தது. புதிதாக வந்த பெரியவர்கள் முன்னால் அவர் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வெளியாட்கள் முன்னால் வாயைத் திறந்தேன்.

"சாவி உங்க இடுப்புலதான் இருக்குதுங்கப்பா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பைத் தடவி, அட, ஆமாம் என்றார். ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார். மூன்றாவது பூட்டு மட்டும் வெகுநேரம் திறக்கவில்லை. அதற்குள் தையல்காரம்மா வாசலைத் தாண்டி வந்துவிட்டார். பின்னாலேயே நாலைந்து பேர். கதவு திறந்தது.

உள்ளே கார் இல்லை. ஒரு பழைய டயரும், கார்மேல் போர்த்துகிற படுதாவும் மட்டும் இருந்தன. படுதா நாலாக மடித்து மூலையில் வைக்கப்பட்டிருந்தது.

அப்பா இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ, காரைக் காணமே! கொண்டு போயிட்டானுங்களே!" என்று உட்கார்ந்துவிட்டார். அம்மா ஒரு நொடி அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தவள், மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

போலீசுக்குப் போக வேண்டும் என்றார் ஒருவர். நேற்று ராத்திரிதான் எடுத்திருப்பான் என்றார் இன்னொருவர். என் காவலின்மேல் பழி விழுவதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லீங்கப்பா! ஒருத்தருமே வல்லீங்க. நான் நூலு கட்டி வெச்சிருந்தேன். இப்ப நீங்க தொறக்கற வரைக்கும் அறுபடவே இல்லீங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து, அப்போதுதான் அறுந்த நூலை ஆணியிலிருந்து எடுத்து, எல்லோருக்கும் முடிச்சைக் காட்டினேன். காலையில்கூடப் பார்த்தேன் என்றேன். அத்தனை பேர் என்னைக் கவனித்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது.

தையல்காரம்மா படுதாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணு பூட்டும் பூட்டினபடியே இருக்குது. படுதாவை வேற மடிச்சு வெச்சுப்போட்டுப் போயிருக்கறான். நல்ல வளர்ப்புத் திருடனா இருப்பானாட்ட இருக்குதுங்க."

யாரோ சிரித்தார்கள். அப்பா தலையைத் தூக்கவில்லை. கையால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா ஷெட்டுக்குள் போனார். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். செருப்புக் காலால் தரையில் இருந்த தூசியை ஒருமுறை தேய்த்தார். சுவரிலிருந்து சுவருக்கு இழுத்திருந்த ஒட்டடையை விரலால் விலக்கினார். திரும்பி அப்பாவைப் பார்த்தார், நிலைப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தார். அவருடைய மனைவி வாசலில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். எனக்கு இந்த மனிதர்மேல் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. இவர் ஏன் காலடித் தடத்தைத் தேடாமல் எங்கள் முகங்களைப் பார்க்கிறார்?

என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"எப்பத்திலிருந்து நீ காவலுக்கு இருக்கறே கண்ணு?"

"முழுப்பரீட்சை லீவு முடிஞ்சு வந்ததிலிருந்துங்க."

"லீவுல எங்க போயிருந்தே?"

"கோபிலீங்க. மாமா ஊட்டுல."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "அப்பறம் என்னுங்க? பையன் ஊருல இல்லாதப்பப் பார்த்துத் தூக்கியிருக்கறானுங்க. இவன் மட்டும் இருந்திருந்தா உட்டிருப்பானா?"

"பூட்டு..." என்று இழுத்தார் தையல்காரம்மா.

"கள்ளச்சாவி போட்டுத் தொறக்கறவனுக்குத் திரும்பப் பூட்டத் தெரியாதுங்களா அம்மணி? நீங்க உங்க மிஷினைப் போய்ப் பாருங்க. வாசல்ல வெச்சுட்டு வந்திருக்கறீங்க, காலம் கெட்டுக் கெடக்குது."

தையல்காரம்மா ஓடினார். மற்றவர்களும் தங்கள் வண்டிகளை நினைத்துக்கொண்டு கலைந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா எங்கள் அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி விட்டார். "வாங்க சம்பந்தி, ஸ்டேசனுக்குப் போயிட்டு வந்தர்லாம்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய மனைவி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியை ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது, கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எந்தக் கடையில் எடுக்கலாம் என்று கேட்டார். அம்மாவுக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன், சூடாகத் தேங்காய் பன். போலீஸ் ஸ்டேஷனில் தேங்காய் பன் தருவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் ஊரில் இல்லாத அந்த ஒரு மாதத்தில் அப்பா காரை ஊருக்குத் தெரியாமல் விற்று அக்காவுக்கு நகை எடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் நகை கேட்கவில்லை என்றும், அப்பாவாகத்தான் எடுத்தார் என்றும் பின்னால் சொன்னார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் லீவுக்குப் போனதால்தான் கார் திருட்டுப் போய்விட்டது. அத்தனை பேருக்கு முன்னால், அவ்வளவு பெரிய மனிதரே அதைச் சொல்லிவிட்டார்.

விருந்தாளிகள் கிளம்பிப் போனபிறகு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பன்னை யாரும் தொடவில்லை. நான் அப்பாவிடம் போய், "நான் கோபிக்குப் போயிருக்கக் கூடாதுங்கப்பா. இனிமேல் போகமாட்டனுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது.

அப்பா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்போது அக்கா எழுந்து வந்து, தன் கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அப்பாவின் மடியில் போட்டாள். "எனக்கு இது வேண்டாங்கப்பா" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பா ஒவ்வொரு வளையலாக எடுத்து, தேம்புகிற அக்காவின் கையைப் பிடித்துத் திரும்பப் போட்டுவிட்டார். கடைசி வளையல் விரல் முட்டியைத் தாண்டுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காரைத் தொலைத்தவன் நான் இங்கே அழுதுகொண்டிருக்க, எல்லோரும் எதற்காக அக்காவைப் போய்ச் சமாதானம் செய்கிறார்கள் என்று எனக்குக் கோபமாக இருந்தது.